ஃபேனி பர்னி: கத்திக்குப் பிறகு 28 ஆண்டுகள்

ஜேன் ஆஸ்டினைப் படித்த தமிழர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் எழுதி, அவர் நடந்த பாதையில் முள்ளையும் கல்லையும் பொறுக்கிப் போட்ட ஃபேனி பர்னியைப் படித்தவர்கள் குறைவு. ஆஸ்டினின் மிகப் புகழ்பெற்ற நாவலின் தலைப்பே பர்னியின் 'செசிலியா' நாவலின் இறுதிப் பக்கங்களில் வரும் ஒரு தொடரிலிருந்து எடுக்கப்பட்டது என்பது இலக்கிய வரலாற்றாசிரியர்களின் பரவலான கருத்து. ஆனால் நான் பர்னியிடம் போய்ச் சேர்ந்தது நாவல்களின் வழியாக அல்ல. அவர் தன் அக்காவுக்கு எழுதிய ஒரு கடிதத்தின் வழியாக. மயக்க மருந்து என்று ஒன்று இல்லாத காலத்தில், தன் 59-ஆம் வயதில், மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை அறுத்தெடுத்துக்கொண்ட ஒரு பெண், அந்த அனுபவத்தை நிமிடம் நிமிடமாகத் தானே எழுதி வைத்த கடிதம் அது. அதைப் படித்த பிறகுதான் அந்தப் பெண் யார் என்று தேடத் தொடங்கினேன்.

ஃபிரான்செஸ் பர்னி 1752 ஜூன் 13 அன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரமுள்ள கிங்ஸ் லின் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் ஃபேனி. தந்தை சார்லஸ் பர்னி இசை ஆசிரியர். பின்னாளில் இசையின் வரலாற்றை எழுதிப் பெயர் பெற்றவர். டாக்டர் ஜான்சனின் நண்பர். குடும்பம் 1760-இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. எட்டு வயதாகியும் ஃபேனிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. வீட்டில் மற்றப் பிள்ளைகளெல்லாம் கெட்டிக்காரர்கள், இவர் மட்டும் மந்தம் என்று நினைத்தார்கள். பத்து வயதில் தாயை இழந்தார். படிக்கக் கற்றுக்கொண்டதும் எழுதத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. பெண்பிள்ளை கதை எழுதுவது கௌரவக் குறைவு என்று சிற்றன்னை கருதியதால், 15 வயதில் தன் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் வீட்டு முற்றத்தில் குவித்துத் தீ வைத்தார். அடுத்த ஆண்டு, 1768-இல், ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். அதை யாருக்கு எழுதுவது? யாருமே இல்லாத ஒருவருக்கு என்று வைத்துக்கொண்டார்.

எரித்த கதை மனதில் எரியவில்லை. அதிலிருந்து கிளைத்த 'ஈவ்லினா' 1778 ஜனவரியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. தந்தையின் நூல்களுக்குப் படியெடுத்துக் கொடுத்தவர் இவர். அச்சகத்தார் கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்ற பயத்தில் எழுத்தை மாற்றி, இரவில் உட்கார்ந்து முழு நாவலையும் படியெடுத்தார். பதிப்பாளர் கொடுத்தது 20 கினி. புத்தகம் லண்டனை ஒரு கலக்குக் கலக்கியது. ஜான்சன் அதன் பகுதிகளை மனப்பாடமாகச் சொல்லி மகிழ்ந்தார் என்பார்கள். 1782-இல் 'செசிலியா' வந்தபோது பர்னி இங்கிலாந்தின் முதல் வரிசை எழுத்தாளர்.

அதன்பின் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். 1786-இல் சார்லட் அரசியாரின் ஆடை அறைப் பொறுப்பாளர்களில் ஒருவராக அழைத்தார்கள். ஆண்டுக்கு 200 பவுன். தந்தைக்குத் தலைகால் புரியாத பெருமை. மகளுக்கு உள்ளுக்குள் சாவு. ஐந்தாண்டுகள் மணியடித்ததும் ஓடிப்போய் அரசிக்கு உடை மாட்டிவிடும் வேலை செய்தார் அந்த நாவலாசிரியர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனநிலை பிறழ்ந்த காலமும் அதுதான். க்யூ தோட்டத்தில் மன்னர் துரத்த, இவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது 1789-இல். அதற்கு முந்திய ஆண்டு, அரசி கொடுத்த அனுமதிச் சீட்டோடு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குப் போய் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணையைப் பார்த்தார். சென்னைக் கோட்டையிலும் பின்பு வங்காளத்திலும் அதிகாரம் செலுத்திய அந்த ஹேஸ்டிங்ஸ் மேல் இவருக்கு இரக்கம். இந்தியர்களான நமக்கு அதில் உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. உடம்பு முற்றிலும் தளர்ந்த பிறகே, 1791-இல், அரண்மனையிலிருந்து விடுதலை கிடைத்தது.

1793-இல், 41 வயதில், தந்தையின் விருப்பத்துக்கு மாறாக, பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து தப்பி வந்த கையில் காசில்லாத தளபதி அலெக்ஸாண்டர் தார்ப்ளேயை மணந்தார். அடுத்த ஆண்டு இறுதியில் மகன் பிறந்தான். 'கமிலா' நாவலை முன்பணச் சந்தா திரட்டி 1796-இல் வெளியிட்டார். சந்தாதாரர் பட்டியலில் இருபது வயது ஜேன் ஆஸ்டினின் பெயரும் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு வீடு கட்டினார்கள். 1802-இல் கணவரின் சொத்துபத்து ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கக் குடும்பம் பாரிஸ் போனது. மறு ஆண்டே மீண்டும் போர் மூண்டது. ஓராண்டு என்று போனவர்கள் பத்தாண்டுகள் சிக்கிக்கொண்டார்கள்.

1810 ஆகஸ்டில் வலது மார்பில் சிறு வலி. அவர் பொருட்படுத்தவில்லை. வலி கூடியது. டாக்டரைப் பார் என்று கணவர் கெஞ்சினார், இவர் ஒதுக்கினார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குப் பாரிஸ் மறந்துபோய் நம் வீட்டுப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நம் அம்மாக்களும் சித்திகளும் மாமிகளும் கட்டி என்று மட்டும் சொல்வார்கள், எங்கே என்று சொல்ல மாட்டார்கள். அதையும் ஒரு வருடம் கழித்துத்தான் சொல்வார்கள். பர்னியும் அப்படித்தான். தோழிகள் வற்புறுத்திய பிறகுதான் வைத்தியரைப் பார்த்தார்.

பார்த்தவர்கள் சாமானியர்கள் அல்லர். ஒருவர் அந்த்வான் துய்புவா. 1811 மார்ச்சில் நெப்போலியனின் மகனைப் பிரசவம் பார்த்து வெளியில் எடுத்தவர். இன்னொருவர் டொமினிக் லாரே. நெப்போலியனின் படை மருத்துவர், போர்க்களத்திலிருந்து காயம்பட்டவர்களை விரைந்து தூக்கிவரும் வண்டி முறையை உண்டாக்கியவர், அடுத்த ஆண்டு போரோடினோ போரில் ஒரே நாளில் ஏறத்தாழ 200 கைகால்களை வெட்டி எடுத்ததாகச் சொல்லப்படுபவர். இந்த லாரே கத்தி வைக்க மனமில்லாமல் மாதக்கணக்கில் மருந்தும் பத்தியமும் கொடுத்துப் பார்த்தார். கட்டி கரையவில்லை. மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். முடிவைச் சொல்ல வந்த துய்புவாவுக்கு வாய் வரவில்லை. பர்னிக்குப் புரிந்துவிட்டது. மிகவும் வலிக்கும் என்று துய்புவா மறைக்காமல் சொன்னார். ரீப் என்ற மற்றொரு மருத்துவர் தந்த அறிவுரை விசித்திரமானது, ஆனால் கனிவானது: வலியை அடக்கிக்கொள்ளக் கூடாது, வாய்விட்டு அலற வேண்டும், அடக்கினால் கெடுதல்.

நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டாம் என்பது ஏற்பாடு. காத்திருப்பதே பாதி மரணம் என்பதால். 1811 செப்டம்பர் 30 காலை, படுக்கையில் இருந்தவரிடம் லாரேயின் சீட்டு வந்தது. அன்றே, சில மணி நேரத்தில். பர்னி முதலில் செய்த காரியம், கணவரை ஏதோ அலுவலக வேலையின் பேரில் வெளியே அனுப்ப ஏற்பாடு செய்தது. அவர் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது. தான் பிழைக்காவிட்டால் கணவருக்கும் மகனுக்கும் கிடைக்க வேண்டுமென்று சில வரிகள் எழுதி வைத்தார். துய்புவா வர மூன்று மணியாகும் என்று செய்தி வந்தது. அறுவை நடக்கப்போகும் கூடத்துக்குள் போய்ப் பார்த்தார். கட்டுத்துணிகள், பஞ்சுகள், கடற்பஞ்சுகள் அடுக்கி வைத்திருந்தன. அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தார், மனம் மரத்துப் போகும் வரை.

மூன்று மணிக்கு நான்கு குதிரை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் வந்து நின்றன. கறுப்பு உடுத்த ஏழு ஆண்கள் தன்னைக் கேட்காமலே அறைக்குள் நுழைந்ததும் அவருக்கு வந்தது பயமல்ல, கோபம். நாற்காலியில் உட்கார வைத்து அறுப்பார்கள் என்று எண்ணியிருந்தவரைக் கட்டிலில் ஏறச் சொன்னார்கள். பழைய மெத்தை இரண்டு, பழைய விரிப்பு ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். பணிப்பெண்களில் ஒருத்தி தவிர மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். குடிக்க ஒரு கிளாஸ் ஒயின் கலவை. வலிக்கு அவ்வளவுதான் மருந்து.

முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அது பார்வையை மறைக்காத அளவுக்கு மெல்லியதாக இருந்தது. சுற்றி நின்ற ஏழு பேரையும் பளபளக்கும் இரும்பையும் அதன் வழியே கண்டு கண்ணை மூடிக்கொண்டார். மார்பை யார் பிடித்துக்கொள்வது என்று லாரே துயரம் தோய்ந்த குரலில் கேட்டார். பதிலில்லை. கைக்குட்டையை விலக்கி, நானே பிடித்துக்கொள்கிறேன் என்றவர் பர்னி. அப்போதுதான் துய்புவாவின் விரல் காற்றில் மேலிருந்து கீழாக ஒரு கோடும், குறுக்கே ஒரு கோடும், பின்பு ஒரு வட்டமும் போட்டதைப் பார்த்தார். கட்டியை மட்டுமல்ல, மார்பு முழுவதையும் எடுக்கப் போகிறார்கள். எழுந்து உட்கார்ந்து மன்றாடினார். பயனில்லை என்று தெரிந்ததும் தானே மீண்டும் படுத்தார்.

அதற்குமேல் நடந்ததை அவர் எழுதியிருக்கும் விதத்தில் நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. கத்தி உள்ளே போனதிலிருந்து நிறுத்தாமல் அலறினார். அறுத்து முடித்து விட்டார்கள் என்று நினைத்த போதெல்லாம் மீண்டும் தொடங்கியது. மிச்சம் மீதி அணு ஒன்றும் இருக்கக் கூடாதென்று மார்பெலும்பைச் சுரண்டியதை உணர்ந்தார். இரண்டு முறை நினைவு தப்பியது. காயம் கட்டுவது உட்பட 20 நிமிடங்கள். கட்டிலுக்குத் தூக்கிச் சென்றபோது கண்ணைத் திறந்தவர் லாரேயைப் பார்த்தார்: முகம் வெளிறி, இரத்தம் தெறித்து, நோயாளியைவிடக் கலங்கிப்போய் நின்றார் அந்தப் போர்க்கள மருத்துவர். ஈதர் மயக்க மருந்து போஸ்டனில் மக்கள் முன் காட்டப்பட்டது இதற்கு 35 ஆண்டுகள் கழித்து, 1846-இல். லிஸ்டரின் கிருமிநாசினி முறை 1867-இல். பர்னி இவ்விரண்டும் இல்லாத காலத்தில் அறுபட்டு, காயம் ஆறி எழுந்தார்.

மார்பெலும்பைச் சுரண்டிய அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். ஓர் அணுவும் மிஞ்சக் கூடாது என்பதுதான் அன்றைய தர்க்கம். அந்தத் தர்க்கம் 160 ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் 1890-களில் மார்போடு கீழேயுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். அகலமாக அறுத்தால் நோய் திரும்பாது என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். பெர்னார்ட் ஃபிஷர் 1971-இல் தொடங்கிய ஆய்வு அந்த நம்பிக்கையைச் சோதித்தது. 25 ஆண்டுக் காலம் தொடர்ந்து பார்த்ததில் அகலமாக அறுத்தவர்கள் அதிகம் வாழவில்லை. நோய் திரும்புவதா இல்லையா என்பது பெரும்பாலும் கத்தி எட்டாத இடத்தில் முன்னமே முடிவாகி விடுகிறது.

லாரே தன் நோயாளிக்குச் சொல்ல முடியாமல் போனது அதைத்தான். வெட்டத் தெரியும்; திரும்பி வருமா என்று சொல்லத் தெரியாது. அவருடைய மாணவர் எழுதிய மருத்துவக் குறிப்பு ஒன்று இருக்கிறது. வலது மார்பின் புற்று என்றே அது சொல்கிறது. ஆனால் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் வழக்கம் அன்று இல்லை. 28 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு இருந்தது உண்மையில் புற்றுநோய்தானா, வெறும் கட்டியா என்று இக்கால மருத்துவர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் நீண்ட நாள் வாழ்ந்ததையே புற்று இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வதை நான் ஏற்க மாட்டேன். மாதவிடாய் நின்ற பிறகு வருகிற மார்பகப் புற்றுக்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை. மெதுவாக வளர்பவை அவற்றில் பல. அப்படி ஒன்று பரவுமுன் முழுமையாக அகற்றப்பட்டிருந்தால் 28 ஆண்டுகள் அதிசயமல்ல.

அதே வகைக்கு இன்னொரு குணமும் உண்டு. நெடுங்காலம் பதுங்கியிருந்து திரும்பும். 2017-இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பு ஆய்வு, ஐந்தாண்டுகள் ஹார்மோன் எதிர்ப்பு மருந்து எடுத்து நோயின்றி இருந்த 62,923 பெண்களைப் பார்த்தது. அதன் பிறகான 15 ஆண்டுகளில், சிறிய கட்டியும் கணுக்களில் பரவாத நிலையும் கொண்டிருந்தவர்களில் 13 விழுக்காட்டினருக்கு உடலின் வேறிடத்தில் நோய் திரும்பியது. கட்டி பெரிதாகவும் நான்கு முதல் ஒன்பது கணுக்கள் பாதிக்கப்பட்டும் இருந்தவர்களில் 41 விழுக்காடு. ஆண்டு தோறும் ஏறக்குறைய ஒரே சீராக. ஐந்தாண்டு தாண்டிவிட்டோம், தப்பித்தோம் என்று நம் வீடுகளில் பாயசம் வைப்பது இந்த வகைக்கு அவ்வளவு பொருந்தாது.

இன்றைய கணிப்பு இப்படி நடக்கிறது. கட்டியின் அளவு, எத்தனை கணுக்கள், உயிரணுக்கள் எவ்வளவு உருக்குலைந்திருக்கின்றன, ஏற்பிகள் உண்டா, ஹெர்-2 புரதம் மிகுதியா என்று பார்த்து எண் போடுகிறார்கள். கட்டியின் 21 மரபணுக்களை அளந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் பரிசோதனையும் உண்டு. கணுக்களில் பரவாத, ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத புற்றில், 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அந்த மதிப்பெண் 25-ஐத் தாண்டாவிட்டால் கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்று 2018-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எத்தனை பெண்களின் தலைமயிரையும் உடல் வலுவையும் அந்த ஓர் எண் காப்பாற்றியிருக்கும்!

வயது கூடியவர்களிடத்தில் கணக்கு மேலும் சிக்கலாகிறது. அமெரிக்காவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 636 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் சிறிய, ஏற்பி உள்ள கட்டி. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு டாமொக்ஸிஃபென் மாத்திரை. பாதிப் பேருக்குக் கதிர்வீச்சும் சேர்த்து. பத்தாண்டு முடிவில் கதிர்வீச்சு பெற்றவர்களில் 2 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் மார்பிலோ அருகிலோ நோய் திரும்பியது. ஆனால் ஆயுளில் வேறுபாடு இல்லை. அந்த 636 பேரில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 21 பேர்தான். மற்றக் காரணங்களால் இறந்தவர்கள் முந்நூறுக்கும் மேல். 65 வயதைத் தாண்டிய 1,326 பெண்களை வைத்து பிரிட்டனில் தொடங்கிய இன்னோர் ஆய்வின் பத்தாண்டு முடிவு 2023-இல் வந்தது. அதிலும் இதே கதை: திரும்பியது 0.9 விழுக்காடும் 9.5 விழுக்காடும், உயிரோடிருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய 81 விழுக்காடு.

என் உறவில் மூத்த மாமி ஒருவருக்கு 76 வயதில் இந்தத் தேர்வு வந்தது. கதிர்வீச்சு வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவர் மாமியிடம் கேட்டார். பிள்ளைகள் மூவரும் மாமிக்காகப் பதில் சொன்னார்கள். ஒருவர் எல்லாவற்றையும் செய்யுங்கள் என்றார்; ஒருவர் இந்த வயதில் எதற்கு என்றார்; மூன்றாமவர் அம்மாவிடம் நோயின் பெயரையே சொல்லக் கூடாது என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுக்கொண்டார். மாமி கேட்ட கேள்வி ஒன்றுதான். தினம் பஸ் ஏறி வர வேண்டுமா என்பது. எண்களைத் தமிழில் நிதானமாகச் சொன்னதும் மாத்திரை போதும் என்று மாமியே முடிவு செய்தார்.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றின் அடியிலும் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நோய் இல்லாவிட்டால் இந்தப் பெண் எத்தனை காலம் இருப்பார்? அதைப் பிறந்த ஆண்டைப் பார்த்து ஊகிப்பது தவறு என்று முதியோர் புற்றுநோய் மருத்துவர்கள் இன்று வற்புறுத்துகிறார்கள். எத்தனை தூரம் நடக்கிறார், எத்தனை மருந்து சாப்பிடுகிறார், நினைவு எப்படி, வீட்டில் யார் துணை என்று முறையாகப் பார்த்த பிறகே மேலும் கீழும் முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். 1811-இல் பாரிஸில் மிரோமெனில் தெருவில் கட்டிலில் படுத்திருந்த 59 வயதுக்காரியைப் பார்த்து எவராவது இன்னும் 28 ஆண்டு என்று சொல்லியிருப்பார்களா? அந்தக் காலக் கணக்கில் அவர் ஏற்கெனவே கிழவி.

அந்த 28 ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. 1812-இல், மகனைப் பிரெஞ்சுப் படையில் சேர்த்துவிடுவார்களோ என்று அஞ்சி, அவனையும் பாதி எழுதிய நாவலையும் தூக்கிக்கொண்டு டன்கர்க் துறைமுகத்தில் கப்பலேறினார். அது அமெரிக்கக் கப்பல். வழியில் பிரிட்டன் அமெரிக்கா போர் மூண்டுவிட்டதால் கரையை நெருங்கும்போது பிரிட்டிஷ் கடற்படை பிடித்துக்கொண்டது. அப்படித்தான் பத்தாண்டுக்குப் பிறகு தாய்நாட்டு மண்ணை மிதித்தார். அந்த நாவல் 'தி வாண்டரர்' 1814-இல் வந்து விமர்சகர்களிடம் நன்றாக அடி வாங்கியது. என் பார்வையில் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. நாவல் நீளம், நடை முறுக்கு. ஆனால் கையில் காசும் பெயரும் இல்லாத ஒரு பெண் பிழைக்க எத்தனை அவமானம் பட வேண்டும் என்பதை அவ்வளவு உடைத்துச் சொன்ன நாவல் அந்தக் காலத்தில் வேறு எனக்குத் தெரியவில்லை.

1815-இல் வாட்டர்லூ போரின்போது பிரஸ்ஸல்ஸில் இருந்தார். ட்ரையர் நகரில் கணவரைக் குதிரை உதைத்துவிட்டதென்று கேட்டு, 63 வயதில், ஜெர்மன் மொழி தெரியாமல், தனியாகப் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். 1817-இல் இல்ஃப்ராகூம் கடற்கரையில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அலையேற்றத்தில் சிக்கி, நாயோடு ஒரு பாறையின்மேல் தொற்றிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருந்தார். மகன்தான் தேடி வந்து மீட்டான். அடுத்த ஆண்டு மே மாதம் கணவர் பாத் நகரில் இறந்தார். புற்றுநோய். மனைவியின் உடம்பில் திரும்புமோ என்று கணவர் அஞ்சியிருந்த நோய், கணவரின் உடம்புக்குள்ளேயே வேறிடத்தில் முளைத்தது.

பின்பு லண்டனில் போல்டன் தெருவில் விதவை வாழ்க்கை. 1826-இல் சர் வால்டர் ஸ்காட் தேடி வந்து பார்த்துப் போனார். தந்தையைப் பற்றிய நினைவு நூலை 1832-இல், 80 வயதில், மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பிள்ளை 1837-இல் அவருக்கு முன்னாலேயே போய்விட்டான். அம்மை நோயிலிருந்தும், போரிலிருந்தும், கட்டாயப் படைச் சேர்க்கையிலிருந்தும் காப்பாற்றிய ஒரே பிள்ளை.

இந்த ஆண்டுகளில் பெட்டி பெட்டியாக இருந்த குடும்பக் காகிதங்களை ஒழுங்கு செய்தார். பலவற்றை அடித்தார், வெட்டினார், எரித்தார். 15 வயதில் பற்றவைத்த தீ முழுதாக அணையவில்லை போலும். அக்கா எஸ்தருக்கு எழுதிய அந்தக் கடிதத்தை மட்டும் எரிக்கவில்லை. அறுவைக்கு ஆறு மாதம் கழித்து, 1812 மார்ச்சில், அதைத் தொடங்கினார். முடிக்க ஜூன் ஆயிற்று. எழுதியதைத் திரும்பப் படிக்கப் போனால் தலைவலி வந்து படிக்க முடியவில்லை. எதற்காக இவ்வளவு சிரமம்? அக்காவுக்கும் அவர் பெண்களுக்கும் இதே போன்ற வலி வந்தால் தன்னைப்போல் நாள் கடத்தாதிருக்க வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்.

அவர் இறந்தது 1840 ஜனவரி 6. மிகவும் நேசித்த தங்கை சூசன் இறந்து 40 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில். வயது 87. பாத் நகரின் வால்காட்டில் கணவருக்கும் மகனுக்கும் அருகே அடக்கம் செய்தார்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கைகளின் பிள்ளைகளில் ஒருவரான சார்லட் பாரெட் பதிப்பித்த நாட்குறிப்புகள் 1842 முதல் 1846 வரை ஏழு தொகுதிகளாக வந்தன. அக்கா பெண்களை எச்சரிக்க எழுதிய அந்தக் கடிதம் முழுமையாக அச்சேறியது 1975-இல், ஜாய்ஸ் ஹெம்லோ பதிப்பித்த தொகுதிகளில் ஆறாவதில். எழுதி 163 ஆண்டுகள் கழித்து. கையெழுத்துப் பிரதி நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் சேகரிப்பில் இருக்கிறது.